தாமதமாக அடித்த பந்து எங்கே விழுகிறது? மூன்று டென்னிஸ் மட்டைகள்

கடையில் புது மட்டையைக் கையில் எடுத்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். உள்ளங்கையால் ஸ்ட்ரிங்கைத் தட்டி, காதருகே வைத்துச் சத்தம் கேட்டு, அப்புறம் காற்றில் ஒரு ஃபோர்ஹேண்ட் வீசிப் பார்ப்பது. காற்றில் வீசும் ஃபோர்ஹேண்ட் யாருக்கும் தவறுவதில்லை. அப்படி வீசிப் பார்த்தே இரண்டு மட்டைகள் வாங்கி, இரண்டையும் வருடம் முடிவதற்குள் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவன் நான்.

மூன்றாவது முறை ஏமாறக் கூடாது என்று, கிளப்பில் கூட ஆடுபவர்களிடம் மூன்று மட்டைகளை இரவல் வாங்கினேன். பாபோலாட் ப்யூர் டிரைவ், வில்சன் பிளேடு 98, யோனெக்ஸ் ஈசோன் 100. முதல் இரண்டும் 2021-இல் வந்தவை, ஈசோன் 2022-இல் வந்தது. கடைகளில் இவற்றுக்கு அடுத்த பதிப்புகள் வந்துவிட்டன. ஆனால் ஒவ்வொன்றின் குணமும் பெயிண்ட் மாறும் வேகத்தில் மாறுவதில்லை.

என் ஆட்டத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. வாரம் மூன்று நாள், பெரும்பாலும் டபுள்ஸ். ஒற்றைக் கை பேக்ஹேண்ட். சர்வ் சுமார். கால் முன்னைப்போல ஓடுவதில்லை, அதனால் நான் அடிக்கும் பந்தில் பாதி, கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்து அடிப்பவைதான்.

முதலில் எண்கள். ப்யூர் டிரைவ் ஸ்ட்ரிங் கட்டாமல் 300 கிராம், தலை (ஸ்ட்ரிங் கட்டும் வட்டப் பகுதி) 100 சதுர அங்குலம். ஈசோனும் அதே 300, அதே 100. பிளேடு 305 கிராம், 98 சதுர அங்குலம். ஸ்ட்ரிங் அமைப்பு மூன்றிலும் 16-க்கு 19, அதாவது நெடுக்கில் 16 இழை, குறுக்கில் 19 (பிளேடில் 18-க்கு 20 வகையும் உண்டு, நான் ஆடியது அதுவல்ல). ஐந்து கிராம், இரண்டு சதுர அங்குல வித்தியாசத்துக்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். விஷயம் சட்டத்தின் தடிமனில் இருக்கிறது. ப்யூர் டிரைவ் நடுப்பகுதியில் 26 மில்லிமீட்டர். ஈசோனும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பிளேடு மேலிருந்து கீழ்வரை சீராக 21. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிளேடு சற்றே பட்டினி கிடந்த மாதிரி தெரியும்.

அந்த ஐந்து மில்லிமீட்டர் என்ன செய்கிறது? பந்து ஸ்ட்ரிங்கில் ஒட்டியிருப்பது ஏறக்குறைய ஐந்து மில்லி விநாடி. அந்த அடியில் மெல்லிய சட்டம் பின்னோக்கி வளைகிறது. அது திரும்பி நிமிர்வதற்குள் பந்து போய்விடும். அதாவது, வளைவதற்குச் செலவான சக்தி பந்துக்குத் திரும்பிக் கிடைப்பதில்லை. தடித்த சட்டம் அவ்வளவாக வளையாது, எனவே இழப்பும் குறைவு. ‘பவர் மட்டை’, ‘கன்ட்ரோல் மட்டை’ என்று கடைக்காரர்கள் பிரித்துச் சொல்வதில் பெரும்பகுதி இவ்வளவுதான்.

ஸ்ட்ரிங்கிலோ கதை தலைகீழ். டென்னிஸ் பந்தை 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான தரையில் போட்டால் 135-இலிருந்து 147 சென்டிமீட்டர்வரை எழும்ப வேண்டும் என்பது விதி. அப்படியென்றால், நசுங்கி நிமிர்வதிலேயே பந்து தன் சக்தியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தொலைத்துவிடுகிறது. ஸ்ட்ரிங் அப்படியில்லை, வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே ஸ்ட்ரிங் தளர்வாக இருந்தால் பந்து குறைவாக நசுங்கும், அடியும் ஆழமாகப் போகும். இறுக்கிக் கட்டினால் வேகம் குறையும்.

இந்தப் பாடத்தை நான் படித்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூன்றையும் ஒரே ஸ்ட்ரிங், ஒரே இறுக்கத்தில் கட்டித்தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தேன். சிந்தடிக் கட் என்கிற நைலான் ஸ்ட்ரிங், இறுக்கம் 52 பவுண்டு. ஒரு வாரம் ஆடி, ‘பிளேடு பலகை மாதிரி இருக்கிறது’ என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். பிறகு மூன்றையும் வரிசையாக வைத்துத் தட்டிப் பார்த்தால், பிளேடின் சத்தம் மற்ற இரண்டையும்விட ஏகத்துக்கும் தூக்கலாக இருந்தது. தலை சிறியது என்றால் சத்தம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், ஆனால் இவ்வளவு ஏறாது. போய்க் கேட்டதில், கடைப் பையன் பழைய குறிப்பைப் பார்த்து 58-இல் கட்டியிருந்தான். ஒரு வாரம் வீண். திரும்பவும் மூன்றையும் அறுத்து, பக்கத்திலேயே நின்று கட்டி வாங்கினேன். இரண்டு மட்டைகளை ஒப்பிட்டு யாராவது ஏதாவது சொன்னால், நான் இப்போது முதலில் கேட்பது ‘எத்தனை பவுண்டு?’ என்பதைத்தான்.

எங்கள் கிளப்பில் களிமண் ஆடுகளம். காலையில் தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, கோடு போட்டு வைத்திருப்பார்கள். மட்டையைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது, ஏனென்றால் பந்து விழுந்த தடம் அப்படியே நிற்கும். சர்வீஸ் கோட்டிலிருந்து ஆடுகளத்தின் பின்கோடான பேஸ்லைன் 5.49 மீட்டர். கால் மணி நேரம் அடித்துவிட்டு வலையைத் தாண்டிப் போய்ப் பார்த்தால், அந்த ஐந்தரை மீட்டருக்குள் உங்கள் பந்துகள் எங்கெங்கே விழுந்தன என்பதற்குத் தரையே சாட்சி. ‘நன்றாகப் பட்ட’ உணர்வுக்கும் அந்தத் தடத்துக்கும் பல சமயம் சம்பந்தமே இருப்பதில்லை.

ப்யூர் டிரைவை முதலில் எடுத்தேன். பாபோலாட் 1875-இலிருந்து ஸ்ட்ரிங் செய்துவந்த நிறுவனம், மட்டை செய்ய ஆரம்பித்தது 1994-இல்தான். நான்கே வருடத்தில், 1998-இல், கார்லோஸ் மோயா இந்த ப்யூர் டிரைவோடு ஃபிரெஞ்ச் ஓபனை வென்றார். 2003-இல் ஆண்டி ராடிக் இதை வைத்துத்தான் யு.எஸ். ஓபன் வென்றார். ராடிக்கின் சர்வை நினைத்துக்கொண்டு ஆசையோடு கையில் எடுத்தேன். ஆசை வீண்போகவில்லை. இரண்டாவது சர்வ், என் கைக்கு எப்போதும் வராத உயரத்துக்கு எகிறியது. ரிட்டர்னில் மட்டையைக் குறுக்கே காட்டினாலே போதும், பந்து பேஸ்லைன் பக்கம் போய் விழுந்தது. தடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் பின்பாதியில்தான் இருந்தன, கோட்டுக்கு வெளியிலும் கணிசமாக. சிக்கல் அங்கேதான். வலைக்கருகே வந்த சின்னப் பந்தை முழுசாக அடித்தால் பின் வேலிக்குப் போகிறது. வாலியில், அதாவது பந்து தரையில் படுமுன் அடிக்கும்போது, அது துள்ளிக்கொண்டு எதிராளிக்கு லட்டுபோல் போய் நிற்கிறது. பின்சுழல் கொடுத்து வெட்டி அடிக்கும் ஸ்லைஸ் மிதக்கிறது. நிறைய டாப்ஸ்பின் (முன்சுழல்) போட்டு அடிக்கிறவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை, பந்து தானாக உள்ளே இறங்கிவிடும். என்னைப்போல மரமட்டைக் காலத்து வாத்தியாரிடம் நேராக அடிக்கக் கற்றவர்களுக்குத்தான் தலைவலி.

தலைவலியோடு கைவலியும். மூன்றாம் நாள் மாலை காபி டம்ளரைத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்பக்கம் சுருக்கென்றது. சட்டத்தின் விறைப்பைக் குறிக்க ஒரு குறியீட்டு எண் உண்டு. ப்யூர் டிரைவுக்கு அது 70-ஐ ஒட்டி வரும், பிளேடுக்கு 60-ஐ ஒட்டித்தான். விறைப்பான சட்டத்தில் பாலியஸ்டர் ஸ்ட்ரிங்கையும் போட்டு ஆடினால் முழங்கை இன்னும் சீக்கிரம் பேச ஆரம்பிக்கும்.

அடுத்தது பிளேடு. இதைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், காரணம் எனக்கு இதன்மேல் மோகம். நடு மட்டையில் பட்ட பந்து எங்கே போகிறது என்பது கைக்கே தெரிகிறது. பேக்ஹேண்ட் ஸ்லைஸ் தரையோடு சறுக்கிக்கொண்டு போனது. எதிரே நின்றவர் குனிந்து எடுப்பதற்குள் அது செத்துவிட்டது. வாலியில், எங்கே வைக்க நினைத்தேனோ அங்கே. முதல் நாள் ஆட்டம் முடிந்ததும் மார்க்கரிடம் போய், “அண்ணே, இதுதான் நம்ம மட்டை” என்றேன். முப்பது வருடமாக அந்தக் கிளப்பில் எல்லோருக்கும் பந்து போட்டவர் அவர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சார், நல்லாப் பட்ட பந்தையே சொல்லிட்டு இருக்கீங்க. லேட்டாப் போன பந்து எங்க விழுந்திருக்குன்னு போய்ப் பாருங்க.”

போய்ப் பார்த்தேன். ஃபோர்ஹேண்ட் மூலையில் நான் ஓடிப்போய் எட்டி அடித்தவை ஏறக்குறைய எல்லாமே சர்வீஸ் கோட்டுக்கு முன்னால் விழுந்திருந்தன. நல்ல ஆட்டக்காரருக்கு அப்படி ஒரு பந்து போதும், வந்து முடித்துவிட்டுப் போவார். மட்டையின் நுனிப் பக்கம் பட்டவையோ வலையைக்கூடத் தாண்டவில்லை. அதை நான் ஆடும்போது கவனிக்கவே இல்லை. மனசு அந்த நாலு ஸ்லைஸையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தது.

அரினா சபலென்கா 2023 ஆஸ்திரேலிய ஓபனை வென்றது பிளேடு வைத்துத்தான். அவருக்கு மட்டையிலிருந்து வேகம் தேவையில்லை, அவர் கையில் அது வேண்டிய அளவு இருக்கிறது. அதை உள்ளே அடக்கி வைக்கத்தான் மட்டை வேண்டும். எனக்குத் தேவை நேர் எதிர். இன்னொன்றும் உண்டு: தொழில்முறை வீரர்கள் பலர் கையில் வைத்திருப்பது, பழைய அச்சில் வார்த்து ஈயம் ஏற்றி எடை கூட்டிய சட்டத்துக்குப் புது மாடலின் பெயிண்ட் அடித்தது. அவர்கள் பெயரைச் சொல்லிக் கடையில் விற்பது வேறு மட்டை.

மார்க்கர் யோசனைப்படி பிளேடின் தலையில் இரண்டு பக்கமும், கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்குமிடத்தில், இரண்டிரண்டு கிராம் ஈயத் துண்டு ஒட்டிப் பார்த்தேன். ஓரத்தில் பந்து பட்டால் மட்டை கையில் திருகிக்கொள்வது நன்றாகவே குறைந்தது. ஆனால் இரண்டாவது செட்டில் என் தோள் அந்த நான்கு கிராமையும் எண்ணிக் காட்டிவிட்டது. ஏற்கெனவே தாமதமாகப் போகிறவன் இன்னும் தாமதமானேன்.

ஈசோனைக் கடைசியாக எடுத்தேன், பெரிய எதிர்பார்ப்பு இல்லாமல். யோனெக்ஸ் மட்டையின் தலை முட்டை வடிவமில்லை, மூலைகள் கொஞ்சம் சதுரமாக இருக்கும். 1980-இலேயே வந்த ஐசோமெட்ரிக் வடிவம் அது. மேல்பக்க மூலைகள் அகலமாவதால் அங்கேயுள்ள ஸ்ட்ரிங்கும் நீளமாகிறது. எட்டி அடிக்கிறவர்களின் பந்து படுவதும் அந்த மேல்பாதியில்தானே! முதல் நாள் ஒரு பேக்ஹேண்ட், நுனியிலிருந்து நாலு விரல் கீழே பட்டது. பட்ட சத்தம் கேட்டதுமே வலையில்தான் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். பந்து சர்வீஸ் கோட்டைத் தாண்டி ஒரு மீட்டர் உள்ளே விழுந்தது, ஆட்டம் தொடர்ந்தது, நான்தான் தயாராக இல்லை.

தடங்களும் அதையே சொல்லின. ப்யூர் டிரைவ் அளவுக்கு ஆழம் இல்லை, ஆனால் வெளியே போனவை குறைவு. தாமதமான ஃபோர்ஹேண்ட்கள் சர்வீஸ் கோட்டை ஒட்டியும் அதற்குப் பின்னாலும் விழுந்தன. முழங்கை ஒரு வாரமும் வாய் திறக்கவில்லை. விறைப்பு ப்யூர் டிரைவைவிடச் சற்றுத்தான் குறைவு என்றாலும் அடி கையில் மெத்தென்று வந்து சேர்கிறது. குறை இல்லாமல் இல்லை. ஸ்லைஸ் சுமார்தான், பிளேடின் பக்கத்தில்கூட வர முடியாது. பந்து பட்ட உணர்வு கொஞ்சம் பஞ்சு வைத்துப் பொத்தினாற்போல் இருக்கிறது. டிராப் ஷாட் போட நான் இன்னும் தடுமாறுகிறேன்.

சில சமயம் இந்த 98-க்கும் 100-க்கும் இடையிலான சண்டையே வேடிக்கையாகத் தெரியும். ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் விம்பிள்டன் அரையிறுதி ஆடியது மரமட்டையில். அதன் தலை 70 சதுர அங்குலம்கூட வராது. ஆனால் அவர் பந்துக்குத் தாமதமாகப் போகிறவர் இல்லையே!

எனக்கு ஈசோன். தெளிவாகவே சொல்கிறேன், மூன்றில் என் மனசுக்குப் பிடித்தது பிளேடு. இருபத்தைந்து வயதில், பந்துக்கு முன்னால் போய் நிற்கும் காலோடு இதே சோதனையைச் செய்திருந்தால் வேறு யோசனையே இருந்திருக்காது. முழுநீள வீச்சோடு டாப்ஸ்பின் அடிக்கும் இளைஞர்கள், முழங்கையில் குறையில்லாதவர்கள், ப்யூர் டிரைவை எடுக்கலாம். அவர்கள் அடிக்கும் தப்பு வேறு மாதிரி.

வாங்கும்போது சின்ன தராசு ஒன்றைக் கூடவே கொண்டுபோனேன், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். ஒரே மாடலில் இரண்டு மட்டைகள் சில கிராம் வித்தியாசமாக இருப்பது எல்லா நிறுவனத்திலும் சகஜம். யோனெக்ஸில் இது குறைவு என்பார்கள். நான் நிறுத்த இரண்டும் ஒரு கிராம்கூட விலகவில்லை. பிடி அளவில் நான்கே கால் அங்குலத்தை எடுத்து, மேலே ஓவர்கிரிப் சுற்றிக்கொண்டேன். சென்னை வியர்வைக்கு அது வாரத்துக்கு ஒன்று தீர்கிறது, அந்தச் செலவை யாரும் மட்டை விலையோடு சேர்த்துச் சொல்வதில்லை.

இரவல் வாங்கிய ப்யூர் டிரைவைத் திருப்பிக் கொடுக்கும்போது, என் டபுள்ஸ் கூட்டாளி ‘கொஞ்சம் கொடுங்க’ என்று வாங்கி நாலு சர்வ் போட்டுப் பார்த்தார். ஸ்ட்ரிங் எத்தனை பவுண்டு என்றுகூடக் கேட்கவில்லை. அடுத்த வாரம் அதே மாடலோடு வந்து நின்றார். இப்போது எங்கள் பக்கம் அவர் சர்வ் வரும்போதெல்லாம் ஒரு கேம் உறுதி, ரிட்டர்ன் மட்டும் என் பொறுப்பு.