சர்ச்சுக்குப் பொருளாகக் காணிக்கை கொடுப்பவர்கள் கவனத்துக்கு: எங்களுக்கு 2,400 டாலர் போய்விட்டது

நேற்று ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித் துறை) கடிதம் வந்தது. 2023 டிசம்பரில் சபைக்குக் கொடுத்த பியானோவுக்கு நாங்கள் கேட்டிருந்த வரிக்கழிவை முழுதாக நிராகரித்துவிட்டார்கள். கூடுதல் வரி 1,760 டாலர். மதிப்பீட்டு அறிக்கைக்காகக் கட்டிய 640 டாலரையும் சேர்த்தால் 2,400 டாலர். வட்டி தனி. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் இந்த வருடக் கணக்கு போடுவதற்குள் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் உடனே எழுதுகிறேன்.

மகள் கல்லூரிக்குப் போனபின் அந்த பேபி கிராண்ட் பியானோ வீட்டில் சும்மா கிடந்தது. டாலஸ் பக்கத்தில் எங்கள் தமிழ் சபையில் பாடகர் குழுவுக்கு நல்ல பியானோ இல்லை. கொடுத்தோம், சந்தோஷமாகவே கொடுத்தோம். இன்றும் ஞாயிறு ஆராதனையில் அதைத்தான் வாசிக்கிறார்கள். அதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை.

5,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள பொருள் என்றால், வரிக்கணக்குடன் இணைக்கும் படிவம் 8283-ல் 'பி' பகுதியை நிரப்ப வேண்டும். தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வேண்டும். அதற்காக, ஆன்லைனில் பொருள்களுக்கு மதிப்பீடு செய்து தரும் ஒரு சேவையைப் பிடித்தோம். போனில் பேசியவர் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். "ஐஆர்எஸ் ஏற்குமா?" என்று நேராகவே கேட்டேன். "நூற்றுக்கு நூறு ஏற்கும் சார், எங்கள் வேலையே அதுதானே" என்றார். படிவத்தில் கையெழுத்து? "அதையும் நாங்களே போட்டு அனுப்பிவிடுவோம்." எந்தச் சபை என்று விசாரித்து, தானும் சர்ச்சுக்குப் போகிறவர்தான் என்று சொல்லி, "காட் பிளெஸ் யூ" என்று முடித்தார். அந்த வார்த்தையை நம்பித்தான் கார்டு எண்ணைக் கொடுத்தேன். மதிப்பு 8,000 டாலர், அதில் 8 சதவீதம் கட்டணம், ஆக 640 டாலர்.

அறிக்கை பார்க்க அருமையாக இருந்தது. படங்கள், முத்திரை, கெட்டியான வார்த்தைகள். ஆனால் மதிப்பிட்ட ஆளின் பெயர் எங்கும் இல்லை, அவர் தகுதி என்ன என்று இல்லை, வரி அடையாள எண் இல்லை. படிவத்தில் மதிப்பீட்டாளர் கையெழுத்து இருக்க வேண்டிய கட்டத்தில் நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருந்தது. இவை எல்லாமே இருந்தாக வேண்டும் என்பது விதி. போதாததற்கு, மதிப்பில் இவ்வளவு சதவீதம் என்று கட்டணம் வாங்குவதையே ஐஆர்எஸ் அனுமதிப்பதில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியாதா?

கடிதம் வந்ததும் போன் செய்தேன். முதலில் பேசியவர், உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள் என்றார். அடுத்தவர், அறிக்கை "தகவலுக்காக மட்டுமே", கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறதே என்றார். மேலாளர் என்று வந்தவர்தான் என் ரத்தத்தைக் கொதிக்க வைத்தார். தப்பு சபையுடையதாம்! சபை கொடுத்த ரசீதில் 8,000 டாலர் என்று எழுதாததால்தான் நிராகரித்தார்களாம்.

சுத்தப் பொய். சபை ரசீதில் தொகை எழுத வேண்டியதே இல்லை. பொருள் இன்னது என்ற விவரம், தேதி, பதிலுக்கு எதுவும் தரப்பட்டதா என்ற வாசகம், இவைதான் வேண்டும். மதிப்பைச் சொல்வது கொடுத்தவர் பொறுப்பு. எங்கள் பொருளாளர் அண்ணன் "ஆவிக்குரிய நன்மைகளைத் தவிர வேறு எதுவும் பதிலுக்கு வழங்கப்படவில்லை" என்றுகூட மறக்காமல் எழுதியிருந்தார். அப்படி ஒரு வாசகம் முதல் ரசீதில் இல்லாததால், சர்ச்சுக்குக் காசோலையாகக் கொடுத்த 22,000 டாலருக்கு மேற்பட்ட காணிக்கைக்கே கழிவு கிடையாது என்று 2012-ல் வரி நீதிமன்றம் ஒரு தம்பதிக்குச் சொல்லியிருக்கிறது. பிறகு வாங்கிய திருத்திய ரசீதும் செல்லவில்லை. சம்பளமில்லாமல் இதையெல்லாம் கவனித்துச் செய்கிற மனிதர் மேல் பழி போடுகிறார்கள், 640 டாலர் வாங்கியவர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் 30 நாள் கெடு முடிந்துவிட்டதாம். இனி வேறு அறிக்கை வாங்கியும் பயனில்லை. கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் அது கையில் இருந்திருக்க வேண்டும்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக: பணம் கட்டுமுன் மதிப்பிடப்போகிறவரின் பெயரையும் தகுதியையும் எழுத்தில் கேளுங்கள். சதவீதக் கட்டணம் என்றால் போனை வைத்துவிடுங்கள். மதிப்பீடு, பொருளைக் கொடுப்பதற்கு 60 நாளுக்கு முன்பே செய்ததாக இருக்கக் கூடாது. ரசீதில் தொகை எழுதச் சொல்லிச் சபையை நெருக்காதீர்கள். கார் கொடுப்பவர்களுக்கு விதி வேறு, அதற்குப் படிவம் 1098-சி.

நியாயமான காரணம் காட்டினால் சில சமயம் ஐஆர்எஸ் இறங்கி வரும் என்று கணக்கராக இருக்கும் நண்பர் சொல்கிறார். அதற்காக அன்றைய போன் உரையாடலின் பதிவைக் கேட்டேன். அழைப்பு பதிவாகிறது என்று அன்று அவர்களே சொன்னார்கள். இப்போது, அப்படி எதுவும் தங்களிடம் இல்லை என்கிறார்கள்.