சப்ளை செயின்ல சிஸ்டம்ஸ் திங்கிங், 5 வருஷ அனுபவம்: படம் வரைஞ்சிடலாம், 8 வாரம் பொறுக்கத்தான் ஆள் இல்ல

முன்னாடி கூட வேலை பார்த்த ஃப்ரெண்ட் போன வாரம் கேட்டாரு, "இந்த சிஸ்டம்ஸ் திங்கிங் கோர்ஸ்ல சேரலாமா, நிஜமாவே பிளானிங் வேலைக்கு உதவுதா?"ன்னு. ரெண்டு வரில பதில் போட உட்கார்ந்தேன், முடியல. சிஸ்டம்ஸ் திங்கிங்னா, ஒவ்வொன்னையும் தனியா பார்க்காம, எது எத பாதிச்சு திரும்பி வருதுன்னு முழுசா பார்க்கிறது. அத அம்புக்குறி போட்டு வரையிற படம்தான் லூப் டயக்ராம். கடைல விற்பனை கொஞ்சம் மாறினாலும் பின்னாடி போகப் போக ஆர்டர் பெருசா ஆடுறதுக்குப் பேரு புல்விப். இதெல்லாம் அவருக்கே தெரியும், அதனால நேரா விஷயத்துக்கு வரேன்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம், சண்டை நின்னது. ஒரே குடோன்ல ஒரு ரேக் காலி, பக்கத்து ரேக்ல ஒரு வருஷமா தூசி படிஞ்ச சரக்கு. சேல்ஸ் பிளானிங்க திட்டும், பிளானிங் சப்ளையர திட்டும். ஒரு நாள் எல்லாரையும் போர்டு முன்னாடி நிக்க வச்சு அம்புக்குறி போட்டு போட்டு வந்தோம், சுத்தி வந்த அம்பு கடைசில எங்க ஆர்டர் ஷீட்லயே வந்து நின்னுச்சு. ரூமே அமைதியாயிடுச்சு.

என்ன தப்புன்னா, ஆர்டர் போட்டு இன்னும் கைக்கு வராத, வந்துட்டிருக்கிற சரக்க நாங்க கணக்குலயே எடுக்கல. ஒரு உதாரணம் போட்டுப் பாருங்க: வாரம் 100 விக்குது, லீட் டைம் (ஆர்டர் போட்டு சரக்கு வர ஆகுற நேரம்) 8 வாரம், 4 வார ஸ்டாக் வச்சுக்கணும். விற்பனை 120 ஆயிடுச்சு. ஸ்டாக் குறைய குறைய, ஏற்கனவே போட்ட ஆர்டர மறந்துட்டு, வாரா வாரம் அதே பள்ளத்த நிரப்ப முதல் வாரம் 100, அடுத்தது 120, அப்படியே எட்டாவது வாரம் 240னு எக்ஸ்ட்ரா போட்டா மொத்தம் 1360 வருது. நிஜமா தேவைப்பட்ட எக்ஸ்ட்ரா வெறும் 240 (ஸ்டாக்க 400லருந்து 480 ஆக்க 80, 8 வாரத்துக்கு வாரம் 20 கூட வித்ததுக்கு 160)! இத எக்ஸெல்ல போட்டுப் பார்த்த அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல.

எங்களுக்கு மட்டும் நடந்த விஷயமும் இல்ல இது. எம்ஐடி பேராசிரியர் ஃபாரஸ்டர் 1958லயே ஆர்டர் இப்படி ஏறி இறங்குற இந்த அலைய எழுதிட்டாரு. அதே எம்ஐடியோட ஸ்டெர்மன் 1989ல பியர் கேம் (கடைலருந்து ஃபேக்டரி வரைக்கும் ஆளுக்கு ஒரு இடத்துல இருந்து ஆர்டர் போடுற விளையாட்டு) ஆட்டங்கள ஆராய்ஞ்சு, வழியில இருக்கிற சரக்க ஜனங்க மறந்துடுறாங்க, சராசரி டீமோட செலவு உத்தமமான அளவ விட 10 மடங்குன்னு காட்டினாரு. அதுல கஸ்டமர் டிமாண்ட் 4லருந்து 8க்கு ஒரே ஒரு தடவைதான் ஏறும், அவ்வளவுதான்.

இப்ப என் கோபத்துக்கு வரேன். ஃபார்முலாவ சரி பண்ணிட்டோம், ஆனா பழைய ஆர்டர் எல்லாம் 8 வாரத்துக்கு வந்துக்கிட்டேதான் இருக்கும், குடோன் ரொம்பும், பார்க்கிறவனுக்கு நாம கெடுத்துட்ட மாதிரியேதான் தெரியும். இத முன்னாடியே கிராஃப் போட்டு சொல்லி, எல்லாரும் தலையாட்டி, அஞ்சாவது வாரம் மேலருந்து போன், "எல்லா பிஓவையும் (சப்ளையருக்குப் போடுற ஆர்டர்) நிறுத்து"ன்னு. நிறுத்தினோம். ரெண்டு மாசம் கழிச்சு ரேக் காலி, உடனே டபுள் ஆர்டர், மறுபடியும் முதல்லருந்து. ஒரு தடவை இல்ல, 5 வருஷத்துல மூணு தடவை இதே கதை. அந்தப் படத்துல டிலேன்னு ரெண்டு சின்ன கோடு போடுறோம் பாருங்க, அந்த ரெண்டு கோட்டுக்குள்ள எத்தனை பேரோட பொறுமை செத்துப்போகுதுன்னு எந்த டிரெய்னிங்லயும் சொல்லித் தரல.

இன்னொன்னு, குவார்ட்டர் கடைசில சேல்ஸ் தள்ளுபடி குடுத்து சரக்க தள்ளுறது. புல்விப்புக்கு நாலு காரணம்னு ஆராய்ச்சியாளர் ஹவ் லீயும் கூட இருந்தவங்களும் 1997ல எழுதினதுல விலை ஏத்த இறக்கமும் ஒன்னு. எங்க படத்துலயும் அது பெருசா நிக்குது, ஆனா சேல்ஸ் டார்கெட்ட மாத்துற அதிகாரம் பிளானர்கிட்ட இல்லையே? சிமுலேஷன் சாஃப்ட்வேர்ல மூணு வாரம் உட்கார்ந்து மாடல் கட்டினேன், அதுவும் இந்த இடத்துல வந்து முட்டிக்கிச்சு.

அதனால ஃப்ரெண்டுக்கு சொன்ன பதில்: இப்போதைக்கு சேராதீங்க. டார்கெட் போடுறவர் உங்களோட அந்த போர்டு முன்னாடி வந்து நிப்பாரான்னு முதல்ல கேளுங்க, நிப்பாருன்னா நாளைக்கே சேருங்க. இல்லைன்னா ஆர்டர் ஷீட்ல "வந்துட்டிருக்கிற சரக்கு"ன்னு ஒரு காலம் (column) மட்டும் சேர்த்துக்கோங்க. எங்க ஷீட்ல அந்த காலத்த அழிக்க நான் இதுவரைக்கும் யாரையும் விட்டதில்ல.