ஆரி ஊசியும் வட்டச் சட்டமும்: மூன்று வருடப் புழக்கத்துக்குப் பிறகு

கொக்கி ஊசியால் துணியில் சங்கிலித் தையலும் மணியும் போடும் ஆரி வேலையைப் பழக ஆரம்பிக்கும் பெண்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ஆரம்ப கிட். ஒரு வட்டச் சட்டம், அதைத் தாங்கும் ஸ்டாண்ட், நாலைந்து ஊசி, பத்துப் பன்னிரண்டு நிறத்தில் சில்க் த்ரெட், ஜரி நூல், சுகர் பீட்ஸ் என்ற பொடி மணி, சம்கி என்ற மினுக்கு வில்லை, மஞ்சள் கார்பன் தாள் எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும். மூன்று வருடம் கழித்து அந்தப் பெட்டியில் மிஞ்சுவது சட்டமும் ஊசிப்பிடியும்தான். நூல் தீர்ந்துபோகும், மணி மங்கிப்போகும், கார்பன் முதல் மாதத்திலேயே கிழிந்துவிடும். அதனால் பணத்தை மணிகளில் கொட்டாமல் சட்டம், ஊசி, வெளிச்சம் இந்த மூன்றிலும் போடுங்கள்.

ஆரி குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் தைக்கும் மோச்சி சமூகத்தாரின் ஊசியிலிருந்து வந்தது. செருப்புக்கும் சேணத்துக்கும் பயன்பட்ட கொக்கி ஊசியை மெலிதாக்கிப் பட்டுத்துணிக்குக் கொண்டுவந்தார்கள். காஷ்மீரிலும் இதே ஊசி உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனபோது பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் தம்பூர், அதாவது மத்தளம். துணியை மத்தளத் தோல் மாதிரி இழுத்துக் கட்டுவதால் அந்தப் பெயர். ஆரியில் வரும் பத்துக் கோளாறுகளில் ஏழெட்டு அந்த இழுப்பு குறைவதால் வருபவைதான்.

ஆகவே சட்டத்திலிருந்து தொடங்கலாம். கிட்டில் வரும் 16 அங்குல மரவட்டம் பிளவுஸ் கை, பின்கழுத்து இரண்டுக்கும் போதும். வாங்கியவுடன் உள்வளையத்தில் அரை அங்குல அகலப் பருத்தி நாடாவை இடைவெளி விடாமல் சுற்றி, நுனியைத் தைத்துவிடுங்கள். நாடா இல்லாத வழுவழு மரத்தில் ரா சில்க் கால் மணி நேரத்தில் நழுவிவிடும். துணியை மாட்டும்போது நெசவுக்கு நேராக மேலும் கீழும், பிறகு இடமும் வலமும் இழுக்க வேண்டும். மூலைவாக்கில் இழுத்தால் அப்போதைக்கு இறுகின மாதிரி தெரியும், ஆனால் சட்டத்தைக் கழற்றியதும் போட்ட வட்டம் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். விரலால் சுண்டினால் ‘டொம்’ என்று கேட்க வேண்டும். வேலைக்கு நடுவே மணிக்கு ஒருமுறை சுண்டிப்பார்த்து மறுபடி இறுக்குங்கள்.

மழைக்காலத்தில் மலிவான மரவட்டம் கோணிக்கொள்ளும். தரையில் படுக்கவைத்தால் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறதா என்று பாருங்கள். லேசான கோணலுக்கு நாடாவை அந்த இடத்தில் இரட்டையாகச் சுற்றினால் சரியாகும். அதிகம் கோணினால் மாற்றுவதுதான் வழி. திருகாணி இரண்டாம் வருடத்தில் வழுக்க ஆரம்பித்தால் ஹார்ட்வேர் கடையில் அதே கனத்தில் திருகாணியும் இறக்கை நட்டும் கிடைக்கும். வேலை முடியாமல் பல நாள் நிற்கும் என்றால் துணியைக் கழற்றி வைத்துவிடுங்கள். வெல்வெட்டில் பதிந்த வளையத் தடம் ஆவி காட்டினாலும் முழுதாகப் போகாது.

அடுத்தது ஊசி. பிடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அது ஊசியை இறுக்க மட்டும் இல்லை. கொக்கி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதே பக்கம் திருகும் பார்க்கும்படி ஊசியை மாட்ட வேண்டும். துணிக்குள் போன பிறகு கொக்கி கண்ணுக்குத் தெரியாது, திருகுதான் வழிகாட்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் ‘நூலே மாட்ட மாட்டேங்குது’ என்று சொல்லும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிடிக்கு வெளியே ஊசி ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் வளையும், கனத்த துணியில் ஒடிந்தும் போகும்.

கொக்கியில் பிசிறு விழுந்தால் ஒவ்வொரு தையலிலும் துணியின் இழையைப் பிடித்து இழுக்கும். பழைய நைலான் துணியில் ஊசியை ஏற்றி இறக்கிப் பாருங்கள், பிசிறு உடனே தெரியும். மிக நைசான எமரித் தாளில் இரண்டு மூன்று தடவை தேய்த்தால் சில சமயம் சரியாகும். அப்படியும் பிடித்தால் யோசிக்காமல் தூக்கிப்போடுங்கள், துணியைவிட ஊசி மலிவு. வாரக்கணக்கில் எடுக்காமல் வைக்கும்போது ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்தால் துரு ஏறாது. எடுத்ததும் கழிவுத் துணியில் பத்துத் தையல் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிவிட்டுத்தான் பட்டில் கை வைக்க வேண்டும்.

சங்கிலித் தையல் வரிசை இதுதான். நூல் துணிக்கு அடியில், இடது கையில். திருகு, தையல் போகும் திசையைப் பார்த்தபடி இருக்க, ஊசி செங்குத்தாக இறங்குகிறது. அடியில் நூலைக் கொக்கியில் மாட்டியதும் பிடியை அரைச் சுற்றுத் திருப்பி, கொக்கி இல்லாத வழுவழுப்பான பக்கத்தைத் துளையின் ஓரத்தில் லேசாக அழுத்தியபடி தூக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் துளை ஒரு மயிரிழை திறக்கும், கொக்கி துணியில் சிக்காமல் கண்ணியோடு மேலே வரும். திருப்பாமல் நேராகத் தூக்கினால் துணியும் சேர்ந்து வரும். அழுத்தாமல் தூக்கினால் கண்ணி நழுவி விழும். நேர்கோட்டில் தையல் நீளம் 2 மில்லிமீட்டர், வளைவில் ஒன்று அல்லது ஒன்றரை. மாங்காய் வடிவத்தின் நுனி மழுங்கித் தெரிகிறது என்றால் வளைவிலும் அதே 2 மில்லிமீட்டர் போட்டிருப்பார்கள்.

முடிக்கும் இடம்தான் நீண்ட நாள் புழக்கத்தில் சோதனை. சங்கிலித் தையலின் கடைசி நுனியை இழுத்தால் மொத்த வரிசையும் உருவிக்கொண்டு வந்துவிடும். கடைசிக் கண்ணியை மேலே நீளமாக இழுத்து, அடியில் நூலை அறுத்து, நுனியை முழுதாக மேலே எடுத்துவிடுங்கள். பிறகு சாதாரண ஊசியில் அந்த நுனியைக் கோத்து, கடைசிக் கண்ணிக்கு வெளியே ஒட்டினாற்போல் கீழே இறக்கி, பின்பக்கம் முடிச்சுப் போட வேண்டும். அவசரத்தில் பசை தொட்டுவிடுகிறவர்கள் உண்டு. இரண்டாவது முறை உடுத்தும்போதே பசை உதிர்ந்து நூல் எழும்பும்.

சில்க் த்ரெட் என்று கடையில் கேட்டு வாங்குவது பெரும்பாலும் பட்டு இல்லை, ரேயான் வகைதான். பளபளப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் ரேயான் ஈரத்தில் வலு குறையும். அடர் சிவப்பு, மயில்நீலம், கறுப்பு இந்த மூன்றையும் வேலைக்கு முன் ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், சாயம் இறங்கினால் வெளிர் நிறத் துணியில் அதைத் தொடவே வேண்டாம். இழை பிரிந்து பாதி மட்டும் கொக்கியில் ஏறுகிறது என்றால் ஊசி அந்த நூலுக்குச் சின்னது. ஜரி நூலில் வேறு தொந்தரவு: உள்ளே இழை, மேலே மினுமினுப்பு உறை. ஊசி இறுக்கமாக இருந்தால் உறை உரிந்து வெள்ளை இழை எட்டிப்பார்க்கும். ஜரிக்கென்று ஒரு பெரிய கொக்கி ஊசியைத் தனியாக வைத்துக்கொள்வதே நிம்மதி.

மணி கோக்கும்போது நம் ஊர் முறையில் நாலைந்து மணியை ஆரி ஊசியிலேயே ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒன்றாகத் தள்ளிவிடுவார்கள். ஆகவே மணியின் துளை கொக்கி நுழையும் அளவு இருக்க வேண்டும். வாங்கும்போது ஊசியைக் கையோடு கொண்டுபோய், ஒரு சிட்டிகை மணியைக் காகிதத்தில் கொட்டிப் பத்து மணி ஏற்றிப் பாருங்கள். மூன்று ஏறாவிட்டால் அந்தப் பாக்கெட் வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து பொறுக்கும் நேரத்தில் ஒரு கைப் பார்டர் முடித்துவிடலாம். பட்டை வெட்டிய கட் பீட்ஸ் விளக்கொளியில் கண்ணைப் பறிக்கும், உண்மைதான். அதன் விளிம்பு கூர்மை என்பதால் ஒற்றை நூலை நாளடைவில் அறுக்கும். கையை மடக்கும் இடத்திலும் அக்குள் பக்கத்திலும் அதைத் தவிர்த்து உருண்டையான சுகர் பீட்ஸ் வையுங்கள். பிளாஸ்டிக் முத்தின் மேல்பூச்சு சென்ட் பட்டால் உரியும், இது ஆறு மாதத்திலேயே தெரிந்துவிடும்.

சுருள் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டித் தைக்கும் ஜர்தோசிக்கு ஆரி ஊசி வேண்டாம், மெல்லிய சாதாரண ஊசியில் மணி மாதிரி கோக்க வேண்டும். சுருள் கம்பியை, நிரப்ப வேண்டிய இடத்தைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டினால் அழகாகப் புடைத்து நிற்கும். குறைந்தால் நடுவில் நூல் தெரியும். இழுத்து நீட்டிவிட்ட சுருளை எதுவும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. அடி தட்டையான குந்தன் கல்லைப் பசையில் மட்டும் நிறுத்தாமல் சுற்றிலும் ஒரு வரிசை ஜரிச் சங்கிலி அல்லது மணி வைத்துச் சிறைப்படுத்துங்கள். பசையை ஒரு கடுகளவு மட்டும் வைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். அதிகமானால் ரா சில்க்கில் எண்ணெய்க்கறை போல் பரவிவிடும்.

டிசைன் பதிப்பதற்கு மஞ்சள் கார்பன் சின்னப் பூவுக்குச் சரி. பெரிய பின்கழுத்துக்கு ஓட்டைக் காகிதம்தான் நல்லது. பட்டர் பேப்பரில் வரைந்து, அடியில் மடித்த போர்வை வைத்து, ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு துளையாகக் குத்தி, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தடவ வேண்டும். குழைவு தயிர் பதத்துக்கு மேல் இளகக்கூடாது, இளகினால் காகிதத்துக்கு அடியில் ஓடிக் கோடு தடித்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள், சமையலறைக்குப் பக்கத்தில் செய்யவே செய்யாதீர்கள். ஒரு காகிதம் இருபது பிளவுஸுக்கு வரும், அந்த ஒன்றுக்காகவே இந்தச் சிரமம் தகும்.

பலர் தவறுவது டெய்லரிடம் கொடுக்கும் இடத்தில். துணியை வெட்டாமல், அளவு பிளவுஸை வைத்துக் கழுத்தும் கையும் கோடு போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டும். கழுத்துக் கோட்டிலிருந்து உடல் பக்கமாக அரை அங்குலம் தள்ளி முதல் மணி வரிசை வரட்டும். மெஷின் பாதம் ஓட அந்த இடம் வேண்டும். கோட்டை ஒட்டி மணி வைத்தால் ஊசி மணியில் குத்தி இரண்டும் உடையும். நெருக்கமாக நிரப்பிய இடத்தில் துணி கொஞ்சம் சுருங்கும், எனவே சுற்றிலும் ஓர் அங்குலம் கூடுதல் துணி விட்டு வையுங்கள். லைனிங் துணியை ஊறவைத்து அலசிக் காயப்போட்ட பிறகே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் அலசலில் லைனிங் சுருங்கி, வேலை செய்த மேல்துணி உப்பி நிற்கும்.

உடுத்திய பிறகு நிழலில் உள்பக்கம் வெளியே தெரியும்படி காற்றாட விடுங்கள். வியர்வைதான் ஜர்தோசியைக் கறுக்க வைக்கிறது. வேலை உள்ளே வரும்படி மடித்து, நடுவில் பழைய மல் துணி வைத்து, பருத்திப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கும். இஸ்திரி போட வேண்டுமென்றால் கனமான துண்டின் மேல் வேலை கீழே படும்படி குப்புறப் போட்டு, மிதமான சூட்டில் பின்பக்கம் மட்டும்.

உட்காரும் விதம் சரியில்லாவிட்டால் மூன்று மாதத்தில் ஆசையே போய்விடும். சட்டம் விலா எலும்பின் கீழ்முனை உயரத்தில் இருந்தால் குனிய வேண்டியதில்லை. வலக்கைக்காரர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும், இல்லையென்றால் கையின் நிழல் ஊசி முனையிலேயே விழும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தூரத்து மரத்தையோ மாடியையோ பார்த்துவிட்டு வாருங்கள்.

இதைச் சம்பாத்தியத்துக்காக மட்டும் கற்கச் சொல்கிறவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேலைக்குப் போய்வந்து, சாப்பிட்டு முடித்து, இறுகிய துணியில் ஊசி இறங்கும் ‘டக் டக்’ சத்தத்தோடு ஒரு கொடியை முடிப்பது அதற்காகவே செய்யத் தகுந்தது. முதல் துணியாகப் பட்டு பிளவுஸ் வேண்டாம். பருத்தித் துணிப்பை ஒன்றில் ஒரே நிறச் சில்க் த்ரெட்டால் ஐந்து இலை, ஒரு தண்டு போடுங்கள். முதல் இலைக்கும் ஐந்தாம் இலைக்கும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முதலில் நூல் தொங்கலும் முடிச்சுமாக இருக்கும். ஐந்தாவதில் வெறும் புள்ளிக்கோடு மாதிரி தெரிந்தால் அடுத்த துணிக்கு மணி வாங்கலாம்.