சாக்கடல் உப்பு, ஒரு மாதம் பாவிச்சுப் பாத்திட்டு எழுதுறன்

வெள்ளவத்தையில காலி வீதிப் பக்கம் ஒரு கொஸ்மெட்டிக் கடையில அரைக் கிலோ பக்கெட் ஒண்டு வாங்கினன். அம்மாவுக்கு சொரியாசிஸ் எண்ட தோல் வருத்தம், கால் ரெண்டும் வெடிச்சு செதில் செதிலா உரியும், சொறிஞ்சு சொறிஞ்சு இரவில நித்திரையே இல்லை.

இது சும்மா சமையல் உப்பில்லை. புத்தளத்து உப்பு, ஆனையிறவு உப்பு எல்லாம் சோடியம் குளோரைட்தான், சாக்கடல் உப்பில கூடுதலா இருக்கிறது மக்னீசியம் குளோரைட், அதோட பொட்டாசியம், கல்சியம், புரோமைட். பேர்தான் கடல், உண்மையில ஏரி, கடல் மட்டத்துக்கு 430 மீற்றருக்கும் கூடக் கீழ கிடக்குது, ஜோர்தான் ஆறு உள்ள வருது ஆனா வெளிய போக வழியில்லை, வெயில் தண்ணிய மட்டும் குடிச்சிட்டு உப்ப விட்டுட்டுப் போகும், ஆயிரக்கணக்கான வருசமா இதே கதைதான், அதாலதான் சாதாரண கடலை விடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு உப்பு.

ஒரு கல்லை நாக்கில வச்சுப் பாத்தன், கரிக்கேல்லை, கசந்துது. பக்கெட்டை வெட்டி பாத்ரூமில வச்சிருந்தன், கொழும்புப் புழுக்கத்துக்கு ரெண்டு நாளில அடியில தண்ணி நிண்டுது. பழுதாப் போச்சு எண்டு எறியப் பாத்தன், நல்ல காலம் எறியேல்லை, மக்னீசியம் குளோரைட் காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்குமாம். இந்த விலைக்கு ஒரு மூடி போட்ட போத்தல்ல குடுத்திருக்கலாம், அது எனக்குக் கோவம்தான்.

இளஞ்சூட்டுத் தண்ணியில ரெண்டு கைப்பிடி உப்புப் போட்டு கால் மணித்தியாலம் காலை வைக்கிறது, பிறகு நல்ல தண்ணியில கழுவி ஈரம் காய முதல் தேங்காய் எண்ணெய். முதல் நாள் வெடிப்புக்குள்ள எரிஞ்சு அம்மா காலை இழுத்திட்டா, அதால நீங்கள் கொஞ்சமாப் போட்டுத் தொடங்குங்கோ. மூண்டாம் கிழமை செதில் மெத்தெண்டு வந்திட்டுது, சொறி குறைஞ்சுது, இப்ப விடிய மட்டும் படுக்கிறா. முழுசா மாறேல்லை.

கடையில நிண்ட தம்பி "இனி மருந்தே தேவையில்லை அக்கா" எண்டது பெரிய பிழை. சாக்கடலுக்குப் போய் சுகம் காணுற ஆக்கள் கிழமைக்கணக்கா தண்ணியிலயும் வெயில்லயும் இருக்கினம், அவ்வளவு பள்ளத்தில எரிக்கிற கதிர் வடிகட்டுப்பட்டுத்தான் கீழ வரும், அந்த வெயில் பக்கெட்டுக்குள்ள வராது. டொக்டர் தந்த கிறீமை நாங்கள் நிப்பாட்டேல்லை, தயவு செய்து நீங்களும் நிப்பாட்டாதேங்கோ.

வாங்கேக்க பின்பக்கம் மக்னீசியம் எண்டு போட்டிருக்கோ பாருங்கோ. நான் அடுத்த பக்கெட்டும் வாங்கிட்டன், இந்த முறை வீட்ட வந்த உடனயே பழைய ஹோர்லிக்ஸ் போத்தலுக்க கொட்டி மூடியாச்சு.