எராஸ்மஸ் பிளஸ் இளைஞர் பரிமாற்ற நிதி: ஒரு தடவை தோற்று, மறு தடவை வாங்கியவர்கள் சொல்வது

முதலே புள்ளியைச் சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நாலு. அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்பது கீழே வரும்.

நாங்கள் ஜேர்மனியில், டோர்ட்முண்டில் இருக்கும் ஒரு சின்னச் சங்கம். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு, கோடையில் ஒரு விளையாட்டுப் போட்டி, அதைவிட்டால் பெரிசாக ஒன்றும் இல்லை, சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் ஒருவரும் கிடையாது. வகுப்பு முடித்து வளர்ந்த பிள்ளைகள் சிலர் ஒருநாள் வந்து, பாரிசிலும் ஒஸ்லோவிலும் எங்களைப் போலவே பிள்ளைகள் இருக்கிறார்கள், கலியாண வீட்டில் மட்டும்தான் அவர்களைப் பார்க்கிறோம், ஒன்றாக இருந்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியாதா என்று கேட்டார்கள். காசுக்கு எங்கே போவது என்று தேடியபோதுதான் இது கண்ணில் பட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் திட்டம் என்றால் பல்கலைக்கழக மாணவர் ஒரு தவணை வெளிநாட்டில் படிப்பது என்றுதான் எல்லோருக்கும் தெரியும், 1987இல் தொடங்கியதும் அதற்குத்தான். இப்போது ஓடுவது 2021 முதல் 2027 வரையான திட்டம், ஏறத்தாழ 2600 கோடி யூரோ. அதற்குள் ஒரு மூலையில் இளைஞர் பரிமாற்றம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. 13 முதல் 30 வயதுவரை உள்ளவர்கள், குறைந்தது இரண்டு நாடுகளிலிருந்து, 16 பேருக்குக் குறையாமல் 60 பேருக்கு மேற்படாமல், பயண நாள் சேர்க்காமல் 5 முதல் 21 நாள் ஒன்றாக இருந்து ஒரு விடயத்தைச் செய்ய வேண்டும். பதிவு செய்த சங்கம்கூடத் தேவையில்லை, நாலு இளைஞர்கள் சேர்ந்து ஒரு குழுவாக நின்றே விண்ணப்பிக்கலாம், அதில் பொறுப்பெடுக்கிறவருக்கு 18 வயது ஆகியிருந்தால் சரி. விண்ணப்பம் பிரசெல்சுக்குப் போவதில்லை, அவரவர் நாட்டு முகமைக்குத்தான் போகும். ஜேர்மனியில் அது பொன் (Bonn) நகரில் இருக்கிறது.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறாய் என்று இந்த நிதி கேட்பதில்லை, எங்கே வசிக்கிறாய் என்றுதான் கேட்கிறது. எங்கள் குழுவில் வதிவிட அனுமதியோடு இருக்கிற, இன்னும் குடியுரிமை கிடைக்காத பிள்ளைகள் இருந்தார்கள். பள்ளிச் சுற்றுலாவுக்கே ஆயிரம் கடிதம் காட்டிப் பழகியவர்களுக்கு இங்கே மற்றப் பிள்ளையைப் போலவே பேர் எழுதினால் போதுமாக இருந்தது.

சரி, நாங்கள் எப்படித் தோற்றோம் என்று சொல்கிறேன், இதுதான் விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பிரயோசனமான பகுதி.

புள்ளி மூன்று பகுதியாகப் போடுவார்கள். ஏன் இந்தத் திட்டம், என்ன பலன் என்பதற்கு 30, திட்டத்தை எப்படி அமைத்திருக்கிறீர்கள் என்பதற்கு 40, நிர்வாகத்துக்கு 30. மொத்தம் 60 வேண்டும், அதோடு ஒவ்வொரு பகுதியிலும் பாதியாவது வேண்டும். எங்களுக்கு மொத்தம் 63. ஆனால் நடுப் பகுதியில் 19. அந்த ஒரு புள்ளியில் விழுந்தோம். கோபம் வந்தது, மதிப்பீட்டாளர் எழுதியிருந்த குறிப்பை வாசித்ததும் கோபம் அடங்கி வெட்கம் வந்தது. எட்டு நாள் அட்டவணை வடிவாக இருக்கிறது, இதில் இளைஞர்கள் எந்த இடத்தில் முடிவெடுத்தார்கள் என்று விளங்கவில்லை, இதுதான் அதன் சாரம். உண்மைதானே, அந்த அட்டவணையை நானும் இன்னொரு அங்கிளும் இரவு பதினொரு மணிக்குச் சமையலறை மேசையில் இருந்து போட்டோம். தலைமைத்துவம் என்று பன்னிரண்டு இடத்தில் எழுதியிருந்தோம், ஒரு பிள்ளையிடம்கூடக் கேட்கவில்லை.

அடுத்த சுற்றுக்கு நாங்கள் விலகி நின்றோம். பிள்ளைகளே பாரிஸ், ஒஸ்லோ ஆட்களோடு காணொளியில் கதைத்து விடயத்தைத் தெரிவு செய்தார்கள்: தங்கள் நகரத்து இளைஞர் மன்றங்களில் ஏன் தங்களைப் போன்றவர்கள் இல்லை, போனால் என்ன கேட்பது. பாரிஸ் குழுவில் பாதிப் பேர் மேற்கு ஆபிரிக்க, வட ஆபிரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள், ஆகவே தமிழில் ஓட்டிவிடலாம் என்ற என் நினைப்பும் போயிற்று. மாதிரி நகரசபைக் கூட்டம் ஒன்றைப் பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி தலைமை தாங்கி நடத்துவது என்பதுகூட அவர்கள் யோசனைதான், நான் என்றால் இரண்டு பேச்சாளர்களைக் கூப்பிட்டிருப்பேன்.

விண்ணப்ப வேலை லேசில்லை. முதலில் ஐரோப்பிய ஒன்றியக் கணக்கு, பிறகு அமைப்புக்கான அடையாள எண், பதிவுப் பத்திரம், வங்கிப் படிவம், பங்காளி அமைப்புகளின் கையெழுத்துக் கடிதம். கேள்விகளில் பாதி ஒரே கேள்வியை வேறு சட்டை போட்டுக் கேட்பதுபோல இருக்கும். பெப்ரவரிச் சுற்று முடிவது பிரசெல்ஸ் நேரப்படி மதியம் 12 மணிக்கு, நள்ளிரவுக்கு இல்லை, இதைப் பெரிசாக எழுதி ஒட்டுங்கள். ஒக்டோபரில் இரண்டாவது சுற்றைச் சில நாட்டு முகமைகள் திறக்கும். நான் எழுதித் தருகிறேன், கிடைத்தால் பங்கு தா என்று ஒருவர் எங்களிடமும் வந்தார். விண்ணப்பிக்கிற அமைப்பே சொந்தமாக எழுத வேண்டும், காசு கொடுத்து எழுதுவிக்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது, ஆகவே அப்படி வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.

இனிக் காசு. கணக்கு முறை எனக்கு மெத்தப் பிடித்தது. பயணத்துக்கு ரசீது சேர்த்துக் கூட்ட வேண்டியதில்லை, தூரத்தைப் பார்த்து ஆளுக்கு இவ்வளவு. 2024 விண்ணப்ப அழைப்பின் கணக்கில் 100 முதல் 499 கிலோமீற்றர் என்றால் 211 யூரோ, 500 முதல் 1999 வரை 309. பேருந்து, ரயில் என்று பசுமைப் பயணம் செய்தால் அதே தூரங்களுக்கு 285, 417. அளக்கிற தூரம் ஒருவழி, காசோ போய்வர. பாரிஸ் ஆட்கள் பேருந்தில் வந்தார்கள், அந்த 285இல் கொஞ்சம் மிச்சம்கூட வந்தது. ஒஸ்லோப் பிள்ளைகள் கொப்பன்ஹேகன், ஹம்பேர்க் என்று ரயில் மாறி மாறி வந்து சேர்ந்தபோது பாதிப் பேர் நின்றபடி நித்திரை, ஆனால் கூடுதல் பயண நாளுக்கும் சேர்த்து ஆதரவு உண்டு என்பதால் வழியில் தங்கியது நட்டமாகவில்லை. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் ஆளுக்கு, நாளுக்கு என்று நடத்துகிற நாட்டைப் பொறுத்து ஒரு தொகை. குழுத் தலைவர்களுக்கும் அது உண்டு. விசா தேவைப்பட்டால் அந்தச் செலவும், வசதி குறைந்த பிள்ளைகளுக்கான விசேட செலவும் உண்மைச் செலவாகக் கிடைக்கும், அதற்கு மட்டும் பில்லைப் பத்திரமாக வையுங்கள். மற்றதற்கு யார் யார் வந்தார்கள் என்ற கையெழுத்துப் பட்டியல்தான் உயிர்.

இதே முறைதான் கடிக்கவும் செய்தது. ஒரு பங்காளி அமைப்பு எட்டுப் பேர் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, கடைசி வாரத்தில் ஐந்து பேரை அனுப்பியது. தலைக்குத்தான் காசு, மூன்று தலை இல்லை, மூன்று பேருக்கான காசும் இல்லை. விடுதிக்காரனுக்கோ 24 கட்டிலுக்கு ஒப்பந்தம். மிச்ச 21 பேரோடு நடத்தினோம், பிள்ளைகளுக்கு அது பெரிசாகத் தெரியவில்லை, பொருளாளருக்கு இரண்டு வாரம் நித்திரை இல்லை.

அந்த ஒரு நட்சத்திரம் குறைந்தது வேறு காரணத்துக்கு. எங்கள் ஒப்பந்தப்படி 80 விழுக்காடு முதலில் வந்தது, மீதி 20 இறுதி அறிக்கையைப் பார்த்து ஏற்ற பிறகு. பெரிய அமைப்புக்கு அது ஒன்றுமில்லை. எங்கள் வங்கிக் கணக்கில் இருந்ததோ விளையாட்டுப் போட்டியில் ரோல்ஸ் விற்ற காசு. மூன்று குடும்பங்கள் கைமாற்றாகத் தந்துதான் இடைவெளியை மூடினோம். இளைஞர்களே விண்ணப்பிக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டு, ஐந்தில் ஒரு பங்கை மாதக்கணக்கில் நீங்களே தாங்குங்கள் என்றால் அந்த நாலு பேர் எங்கே போவார்கள்?

ஜேர்மனியும் பிரான்சும் மட்டும் என்றால், அல்லது அவற்றோடு மூன்றாவது நாடு ஒன்று என்றால், 1963 முதல் இருக்கிற ஜேர்மன்-பிரெஞ்சு இளைஞர் அலுவலகத்தையும் பாருங்கள். எங்களுக்கு நோர்வே முக்கியமாக இருந்ததாலும், முழுச் செலவுக்கும் கிட்ட வர வேண்டும் என்று நினைத்ததாலும் இதற்கே வந்தோம்.

ஊரிலிருந்து வருகிற கேள்வி ஒன்று: யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ பிள்ளைகளை இந்தக் காசில் கூப்பிடலாமா? இந்தப் பிரிவில் முடியாது. ஒன்றிய நாடுகள், திட்டத்தோடு இணைந்த நோர்வே போன்ற நாடுகள், பிறகு மேற்கு பால்கன் போன்ற பக்கத்து நாடுகள், அவ்வளவுதான். என் மைத்துனருக்கு இதை மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

முடிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் யூத்பாஸ் என்று ஒரு சான்றிதழ் கிடைக்கும், தான் என்ன கற்றேன் என்பதை அவர்களே எழுத வேண்டும். கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய பிள்ளை எழுதிய முதல் வரி, “பெரியவர்களைக் கதையை நிறுத்தச் சொல்லப் பழகினேன்” என்பது. அன்று நகரசபை ஆளாக நடித்து நேரம் தாண்டிக் கதைத்தவன் நான்தான்.