ராமேஸ்வரமா, ராமநாதபுரமா, மண்டபமா: தனியாகப் போகிறவர் எங்கே ரூம் எடுக்கலாம்?

ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் குடும்பமாக வருகிறார்கள், இல்லையென்றால் வேன் பிடித்துக் கூட்டமாக வருகிறார்கள். ஊரின் கட்டணங்களும் அதற்கேற்பவே அமைந்திருக்கின்றன. தனுஷ்கோடி போய்வர ஆட்டோக்காரர் சொல்லும் தொகை வண்டிக்கானது. நாலு பேர் ஏறினாலும் அதுதான், ஒருவர் ஏறினாலும் அதுதான். லாட்ஜில் இரட்டைக் கட்டில் ரூமுக்கும் அப்படியே. பங்கு போட ஆள் இல்லாதவருக்கு இந்தக் கரையில் பணம் கரைவது ரூமில் குறைவு, ஆட்டோவில் அதிகம். அதனால் எந்த ஊரில் வாடகை மலிவு என்று தேடுவதைவிட, எந்த ஊரிலிருந்து நடந்தும் டவுன் பஸ்ஸிலும் அதிகம் பார்க்க முடியும் என்று கணக்குப் போடுவது நல்லது.

தங்குவதற்கு மூன்று இடங்கள் இருக்கின்றன. தீவுக்குள் கோயிலை ஒட்டிய ராமேஸ்வரம். பாலத்தின் இரு கரையிலும் இருக்கும் மண்டபம், பாம்பன். சுமார் 55 கிலோமீட்டர் உள்ளே தள்ளி மாவட்டத் தலைநகரமான ராமநாதபுரம். மூன்றுக்கும் ஆதரவாகப் பேச ஆள் உண்டு. எனக்கு இதில் உறுதியான அபிப்பிராயம் இருக்கிறது.

ராமேஸ்வரம்: கோயிலுக்கு நடக்கும் தூரத்தில்

ராமேஸ்வரத்தில் ரூம் எடுக்கச் சொல்வதற்கு முதல் காரணம் பையும் போனும். ராமநாதசுவாமி கோயிலில் 22 தீர்த்தம் ஆடப் போகிறவர் முதலில் அக்னி தீர்த்தம் என்னும் கடலில் குளிப்பார். பிறகு கோயிலுக்குள் கிணறு கிணறாகப் போய் வாளித் தண்ணீரை ஊற்றிக்கொள்வார். ஈர உடையோடு சன்னிதிக்குப் போக முடியாது, மாற்றித்தான் போக வேண்டும். போனும் உள்ளே அனுமதி இல்லை. குடும்பத்தோடு வந்தவருக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை, ஒருவர் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தனியாளுக்கு அந்த ஆள் கிடையாது. ரூம் பக்கத்திலேயே இருந்தால் எல்லாவற்றையும் உள்ளே பூட்டிவிட்டு, துண்டும் தீர்த்த டிக்கெட்டுக்கான காசும் மட்டும் எடுத்துக்கொண்டு நடந்து போகலாம். குளித்த பின் ரூமுக்கு வந்து உடை மாற்றிக்கொண்டு மறுபடி தரிசனத்துக்குப் போகலாம். இந்த நிம்மதிக்காகக் கொஞ்சம் கூட வாடகை கொடுத்தாலும் தகும். தீர்த்தத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று வெளியே கேட்பவர்கள் இருப்பார்கள். கவுன்டரில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையோடு போனாலே போதும், தனியாக ஆள் வைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் விடியற்காலை. ஸ்படிகலிங்க தரிசனம் ஐந்து மணியளவில் தொடங்கிவிடும். அந்த நேரத்துக்கு ராமநாதபுரத்திலிருந்து வந்து சேர்வதென்றால் பின்னிரவிலேயே கிளம்ப வேண்டும். மூன்றாம் பிரகாரத்தின் 1,212 தூண்களையும் கூட்டம் இல்லாமல் பார்க்க வேண்டுமானால் அதற்கும் காலைதான் நல்லது. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள்.

மூன்றாவது காரணம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் அந்த ஊரையும், ஓடிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது. 2017இல் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு அங்கே போவது எளிதாகிவிட்டது. அதற்கு முன் மணலில் ஓடும் வண்டிகளில் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்து, ஆள் சேரும் வரை காத்திருந்து போக வேண்டும். இப்போது அரசுப் பேருந்தே போகிறது. ஆட்டோவுக்குக் கேட்கும் தொகையில் மிகச் சிறு பங்குதான் பஸ் டிக்கெட். தனியாகப் போகிறவர் இங்கே ஆட்டோ எடுப்பது தேவையில்லாத செலவு என்றே சொல்வேன். காலை பஸ்ஸில் முதலில் அரிச்சல்முனை போய்விடுங்கள். ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. மீனவர்கள் பெண் கடல், ஆண் கடல் என்று சொல்வதன் பொருத்தம் அங்கே நின்றால் தெரியும்: வடக்கே தண்ணீர் அசையாமல் கிடக்கும், தெற்கே அலை மோதிக்கொண்டே இருக்கும். தெற்குப் பக்கம் குளிக்க இறங்க வேண்டாம், அதுவும் தனியாக இருக்கும்போது வேண்டவே வேண்டாம். திரும்பும்போது இடிந்த தேவாலயம் அருகே இறங்கி ரயில் நிலையச் சுவர்களையும் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறலாம். நிழல் கிடையாது. தண்ணீர் பாட்டில் நிறைத்துக்கொண்டு போங்கள். இருட்டுவதற்குள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள், அங்கே தங்கவும் இடமில்லை. இறங்கும்போதே நடத்துநரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்வது முக்கியம்.

மற்றவை நடைதூரத்திலோ டவுன் பஸ்ஸிலோ முடிந்துவிடும். அப்துல் கலாம் பிறந்த வீடு பள்ளிவாசல் தெருவில் இருக்கிறது, கோயிலிலிருந்து நடந்தே போகலாம். அவருடைய நினைவிடம் பேய்க்கரும்பில், தங்கச்சிமடம் போகும் சாலையில் இருக்கிறது. ராமர்பாதம் இருக்கும் கந்தமாதன பர்வதம் வடக்கே சுமார் மூன்று கிலோமீட்டர், வெயில் ஏறும் முன் நடந்து போய்விடலாம்.

இனி குறைகள். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் ரூம் கிடைப்பதே பெரும்பாடு, கிடைத்தாலும் வாடகை வேறு மாதிரி இருக்கும். சாப்பாடும் ஒரு விஷயம். கோயிலைச் சுற்றி எல்லாம் சைவ ஹோட்டல்கள்தான். கோயில் அன்னதானம் உண்டு, காலை டிபன் சீக்கிரமே கிடைக்கும். மீன் சாப்பிட ஆசைப்பட்டு இந்தக் கரைக்கு வருகிறவர்தான் கொஞ்சம் வெளியே வர வேண்டும்.

ராமநாதபுரம்: பலர் தாண்டிப் போகும் ஊர்

ரயிலிலும் பஸ்ஸிலும் இந்த ஊரை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். அது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம். ராமநாதபுரம் மன்னர்களான சேதுபதிகள் ஆண்ட கரையை ராமேஸ்வரம் மட்டும் பார்த்துவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. அரண்மனைப் பகுதியில் இருக்கும் ராமலிங்க விலாசத்துக்குள் போய், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய சுவரோவியங்களைப் பாருங்கள். ராமாயணக் காட்சிகள், அரசவை, மராட்டியரோடு நடந்த போர் என்று சுவர் முழுக்க ஓவியம். கூட்டம் இருக்காது. அவசரப்படுத்த ஆள் இல்லாதவர் மட்டும்தான் அந்தச் சுவர்களை நிதானமாகப் பார்க்க முடியும்.

தனியாளுக்கு ராமநாதபுரம் தரும் பெரிய வசதி அதன் பேருந்து நிலையம். நாலு திசைக்கும் பஸ் உண்டு. வடகிழக்கே தேவிபட்டினம், அங்கே கடலுக்குள் நவகிரகங்களாக வழிபடும் ஒன்பது கற்களான நவபாஷாணம். தெற்கே திருப்புல்லாணி, தர்ப்பசயன ராமர், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சேதுக்கரை. இன்னும் தெற்கே போனால் கீழக்கரை. வள்ளல் சீதக்காதியின் ஊர் அது, அங்குள்ள பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்கள் கோயில் மண்டபத் தூண்களை நினைவுபடுத்தும். தென்மேற்கே மரகத நடராஜர் இருக்கும் உத்தரகோசமங்கை. ஆருத்ரா தரிசனத்தை ஒட்டித் தவிர ஆண்டு முழுவதும் அந்தத் திருமேனி சந்தனக்காப்பில் இருக்கும். அதையும் தாண்டி ஏர்வாடி தர்கா. இவை ஒவ்வொன்றும் காலையில் கிளம்பிப் பகலுக்குள் திரும்பிவிடும் தூரம். ஒரே திசையில் இருப்பதால் திருப்புல்லாணியையும் கீழக்கரையையும் ஒரே நாளில் சேர்த்துக்கொள்ளலாம். கீழக்கரையில் தொதல் வாங்கிச் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். தேங்காய்ப்பாலை மணிக்கணக்கில் கிண்டிச் செய்யும் அந்த இனிப்பு வேறு எங்கும் இந்த ருசியில் அமையாது.

லாட்ஜ் விஷயத்திலும் ராமநாதபுரம் முந்துகிறது. தனியாக வருகிறவருக்கு ரூம் இல்லை என்று சொல்லும் லாட்ஜ்கள் கோயில் ஊர்களில் உண்டு. ராமநாதபுரத்தில் கலெக்டர் ஆபீஸுக்கும் கோர்ட்டுக்கும் வேலையாக வருகிறவர்கள், கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகள் என்று ஒற்றை ஆளாகத் தங்குவது வழக்கமான விஷயம். யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. அசைவச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும். மீன்குழம்பு கேட்டு வாங்குங்கள், இந்த மண்ணின் முண்டு மிளகாய்க் காரம் தனி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம். அப்போது மீன் குறைவாகவும் விலை கூடுதலாகவும் இருக்கும்.

குறை என்னவென்றால், இந்த ஊரிலிருந்து கடல் தெரியாது. இரவில் அலைச் சத்தம் கேட்டுத் தூங்க வேண்டும் என்று வருகிறவர் ஏமாந்து போவார். இங்கிருந்து ராமேஸ்வரத்தை ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்வார்கள். பஸ்ஸில் போகவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும், அன்றைக்கே தீர்த்தமும் தரிசனமும் தனுஷ்கோடியும் என்றால் எதையும் உருப்படியாகப் பார்க்க முடியாது.

மண்டபம், பாம்பன்

பார்க்க அருமையான இடங்கள், தங்கத் தனியாளுக்கு ஏற்றவை அல்ல. ரூம்கள் குறைவு, சாயங்காலத்துக்கு மேல் நடமாட்டம் குறைவு, எதற்கும் பஸ் ஏற வேண்டும். கையில் பணம் இருப்பவர் கடலோர ரிசார்ட்டில் தங்கலாம், அவருக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. பகலில் இறங்கிப் பார்க்க வேண்டியவை நிறைய உண்டு. பாம்பன் சாலைப் பாலத்தின் நடைபாதையில் நின்றால் ரயில் பாலம் முழுசாகத் தெரியும். மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகம் இருக்கிறது. சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று கரையிறங்கிய குந்துகால் பாம்பனுக்குத் தெற்கே இருக்கிறது. அரியமான் கடற்கரை மட்டும் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் தனியாக ஆட்டோ வைத்தால்தான் சௌகரியம். எனவே செலவைப் பார்க்கிறவர் அதை விட்டுவிடலாம்.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. அப்போது எழுதிய குறிப்புகளில் மண்டபத்திலேயே இறங்கிவிட வேண்டும் என்று இருக்கும். 2025 ஏப்ரல் 6 முதல் புதிய பாலத்தில் ரயில் ராமேஸ்வரம் வரை போகிறது. போகும்போது மதுரையிலிருந்து பாசஞ்சர் ரயிலில் ஜன்னல் சீட் பிடித்துப் போங்கள், திரும்பும்போது பஸ்ஸில் வாருங்கள். மிகக் குறைந்த செலவில் கடலைக் கடக்கும் இரண்டு வழியும் கிடைத்துவிடும்.

பெண்கள் தனியாகப் போனால்

ராமேஸ்வரத்தில் ரத வீதிகளை ஒட்டி ரூம் எடுப்பதே நல்லது. விடியலுக்கு முன்பே தெரு விழித்துவிடும், குடும்பங்களும் பெண்களும் கோயிலுக்கு நடந்துகொண்டே இருப்பார்கள். சந்துக்குள் தள்ளி இருக்கும் மலிவான ரூமை விட்டுவிடுங்கள். முன்கூட்டியே போன் செய்து, தனியாக வருகிறேன் என்று சொல்லி உறுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், ஒரிஜினல் ஆதாரும் கையில் இருக்கட்டும். அரசு டவுன் பஸ்களில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். ராமநாதபுரத்தைச் சுற்றிப் பார்க்க இது பெரிய உதவி. தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போய்விட்டு வருவது உத்தமம்.

சரி, முடிவாக எது?

ஓர் இரவுதான் இருக்கிறதென்றால் யோசிக்கவே வேண்டாம், ராமேஸ்வரம். நாலைந்து நாள் கையில் இருந்தால் முதல் இரண்டு இரவு ராமேஸ்வரம், மிச்சம் ராமநாதபுரம். பெரிய அமாவாசை குறுக்கே வந்தால் வரிசையை மாற்றி, முதலில் ராமநாதபுரத்தில் இருந்துவிட்டு, கூட்டம் வடிந்த பிறகு தீவுக்குள் போங்கள். கோயிலுக்காக வராதவர், கடற்கரை ஊர்களையும் மனிதர்களையும் பார்க்க வருகிறவர் என்றால் ராமநாதபுரத்திலேயே தங்கி, தனுஷ்கோடிக்கென்று ஒரு முழு நாளை ஒதுக்கினால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் வானிலை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். புயல் எச்சரிக்கை இருந்தால் தனுஷ்கோடிப் பக்கம் விடமாட்டார்கள்.

அப்புறம், ஊர் மாறும் நாளன்று வழியில் பாம்பனில் இறங்கிப் பாலம் பார்க்கலாம் என்று பலர் திட்டம் போடுவார்கள். தோளில் பையோடு அந்தக் காற்றில் பாலத்தில் நடப்பது சிரமம், வைத்துவிட்டுப் போகவும் இடம் கிடையாது. ராமேஸ்வரத்தில் ரூம் இருக்கும்போதே ஒரு சாயங்காலம் வெறுங்கையோடு பாம்பன் போய்வந்துவிடுங்கள். ராமநாதபுரம் கிளம்பும் நாளில் நேரே போய் ரூமில் பையை வைத்துவிட்டு, அரண்மனைக்குக் கிளம்பலாம்.