ஃப்ளை தூண்டில் செட் என்று தங்கூசிக்குக் காசு கட்டாதீர்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் தூண்டில் போடுகிறவர்களும், வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரருக்காகச் சாமான் தேடுகிறவர்களும் இதை வாசியுங்கள். முகநூலில் 'ட்ரவுட் ஃப்ளை ஃபிஷிங், முழுச் செட்' என்று ஒரு விளம்பரம் ஓடுகிறது. ட்ரவுட் என்பது குளிர்ந்த ஆற்று மீன், அதை இறகு கட்டிய முள்ளால் பிடிக்கிற முறைதான் ஃப்ளை ஃபிஷிங். பின்னால் பனி மூடிய மலை. முன்னால் இடுப்பளவு ஆற்றில் ஒருவர் நின்று, புள்ளி விழுந்த மீனைத் தூக்கிக் காட்டுகிறார். அந்தச் செட்டுக்கு நான் 34,000 ரூபாய் வங்கியில் கட்டினேன். பிறகு மீன்பிடி அனுமதி என்று இன்னொரு 6,000.

நான் இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களில் ரப்பர் தவளை போட்டு விரால் பிடிக்கிற ஆள். செட் எனக்கு இல்லை, அத்தானுக்கு. அவர் சுவிஸில் பேர்ண் பக்கம் இருக்கிறார். அங்கே ட்ரவுட் ஆறுகள் மார்ச் 16ஆம் திகதி திறக்கும். கரையில் பனி கிடக்கக் கிடக்க இவர் தண்ணீருக்குள் இறங்கிவிடுவார் என்று அக்கா ஒவ்வொரு வருடமும் புறுபுறுப்பார். இம்முறை மாசியில் ஊருக்கு வருவதாகவும், நுவரெலியாப் பக்கம் போய் ஒருதரம் போட்டுப் பார்க்க ஆசை என்றும் சொன்னார். விமானப் பொதியில் இடமில்லை, இங்கேயே ஒரு செட் எடுத்து வை என்றார்.

கொரியரில் வந்த பெட்டியை அத்தான் முன்னால்தான் திறந்தோம். முதலில் தடி. ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற சாதாரணக் குளத்துத் தடி. கைபிடியில் '5' என்று ஒரு ஸ்டிக்கர் மட்டும் புதிது. ஃப்ளை தடியில் றீல் பூட்டும் இடம் கைபிடிக்கும் கீழே, அடி நுனியில் இருக்கும். இதில் கைபிடிக்கு நடுவில் இருந்தது. றீலும் நாங்கள் விராலுக்குப் பாவிக்கிற அதே வகை. அதில் சுற்றியிருந்தது சாட்சாத் தங்கூசி, சாதாரண மெல்லிய நைலோன் நூல்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் ஏமாற்றே இதில்தான் இருக்கிறது. நாங்கள் தவளையை எறியும்போது தவளையின் பாரம் நூலை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை என்பது முள்ளில் இறகும் நூலும் கட்டிய ஒன்று, எறிகிற அளவுக்குப் பாரம் கிடையாது. ஆகவே அங்கே நூல்தான் பாரம். பிளாஸ்டிக் பூசிய, தங்கூசியைவிட நன்றாகத் தடித்த நூல். அதை முன்னும் பின்னும் வீசி, அதன் பாரத்தில் ஃப்ளையைக் கொண்டுபோய் இறக்குவார்கள். அந்த 5 என்பது நூலின் பார எண். 5 எண் நூலில் முதல் 30 அடி ஏறத்தாழ 9 கிராம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. தடியும் அதே எண்ணுக்குப் பொருந்த வேண்டும். அறுவடை முடிந்த வயலில் நின்று அத்தான் அந்தத் தங்கூசியோடு வீசிக் காட்டினார். ஃப்ளை அவருடைய காலடியிலேயே விழுந்தது.

விற்றவருக்குத் தொலைபேசி எடுத்து, நூல் என்ன எண் என்று கேட்டேன். "அண்ணை, அது அஞ்சு கிலோ தாங்கும்" என்றார். விற்கிறவருக்கே அவ்வளவுதான் தெரியும். "இரணைமடுவிலயும் ட்ரவுட் பிடிக்கலாம் அண்ணை" என்று வேறு சேர்த்துக்கொண்டார். ட்ரவுட்டுக்கு 20 பாகைக்குக் கீழே குளிர்ந்து ஓடுகிற தண்ணீர் வேண்டும், 25 தாண்டினால் உயிருக்கே ஆபத்து. எங்கள் குளத்துக்கு அது எங்கே வரும்!

ஃப்ளைப் பெட்டியைப் பார்த்ததும் அத்தான் சிரித்தே விட்டார். கோழிக்குஞ்சுக்குச் சாயம் போட்ட மாதிரி சிவப்பும் மஞ்சளுமாய்ப் பெரிய பெரிய இறகுகள், கடல் மீனுக்குப் போடுகிற முட்கள், சிலதில் கறள். சுவிஸில் குளிர்காலக் கடைசியில் மலையாற்று ட்ரவுட் இரையைத் துரத்தாதாம். தண்ணீர் 5 பாகைக்குப் பக்கத்தில் இருக்கும்போது, ஓட்டம் குறைந்த ஆழமான மடுவில் அடியோடு ஒட்டிக்கொண்டு நிற்குமாம். பாரம் வைத்துக் கட்டிய சின்ன நிம்ஃபை, அதாவது தண்ணீருக்கடியில் இருக்கும் பூச்சிக்குஞ்சு போன்ற ஃப்ளையை, அதன் மூக்கடியால் மெல்ல உருட்டிவிட வேண்டும். நடுப்பகலில் வெயில் பட்டுத் தண்ணீர் கொஞ்சம் சூடேறினால் பொடிப் பூச்சிகள் பொரித்துக் கிளம்பும், அந்தச் சொற்ப நேரத்துக்குத்தான் மிதக்கிற ஃப்ளை. இதற்கெல்லாம் 16, 18 இலக்க முள் வேண்டும். இலக்கம் கூடக்கூட முள் சின்னதாகும். பெட்டியில் கிடந்ததோ எல்லாம் 2 இலக்கமும் அதைவிடப் பெரிய முட்களும்.

ஆற்றுக்குள் இறங்கி நிற்கப் போடுகிற 'வேடிங் பூட்ஸ்' என்று வந்தது மருந்தடிக்கப் போகிறவர்கள் போடுகிற கறுப்பு ரப்பர் பூட்ஸ். அதை ஐயா எடுத்துக்கொண்டார்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். அனுமதிச்சீட்டு விஷயம்தான் ஆபத்தானது. லமினேட் செய்த அட்டை, மேலே முத்திரை, 'நுவரெலியா மாவட்டம் முழுவதும் செல்லுபடியாகும்' என்று எழுத்து. இலங்கையில் ட்ரவுட் 1880களில் பிரித்தானியர் கொண்டுவந்து மலைநாட்டு ஆறுகளில் விட்ட மீன். அது இருக்கிற ஹோர்டன் சமவெளி 1988இலிருந்து தேசியப் பூங்கா. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அதற்குள் தூண்டில் போட்டால் வழக்குத்தான். குடும்பத்தோடு அந்தப் பூங்காவிலிருக்கும் 'உலகமுடிவு' என்ற மலைவிளிம்பைப் பார்க்கப் போனபோது நுழைவாயிலில் அந்த அட்டையைக் காட்டிக் கேட்டோம். அங்கிருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்களுடையது இல்லை, யார் தந்தது என்று கேட்டார். கையில் தூண்டில் இல்லாதபடியால் கேள்வியோடு போயிற்று.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். சாமானை உங்கள் செலவில் அனுப்புங்கோ என்றார். அனுப்ப விலாசம் கேட்டதும் என்னுடைய இலக்கத்தை புளொக் பண்ணிவிட்டார். வவுனியாவில் கடை இருப்பதாகச் சொன்னவர், தெருப் பெயரைக் கேட்ட ஒருதரமும் சொல்லவில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், பொலிசிலும் பதிந்தாயிற்று.

வாங்கத்தான் வேண்டுமென்றால், காசு கட்ட முதல் றீலிலிருந்து நூலை இழுத்துக் காட்டி ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். தடித்த, நிறம் உள்ள நூல் வருகிறதா, தடி எண்ணும் நூல் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அனுமதியை எந்தக் கடைக்காரரிடமும் வாங்காதீர்கள், திணைக்களத்திடம் நேரே கேளுங்கள்.

அதே பனிமலைப் படம் இப்போது வேறொரு பக்கத்தில், வேறு பெயரில், 29,500 ரூபாய்க்கு ஓடுகிறது. ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் வங்கிப் பற்றுச்சீட்டையும் வட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். முறைப்பாடு எடுக்கும்போது முதலில் கேட்பது அவற்றைத்தான்.